மாட்டுச் சாளையில் ஓர் அகில உலகப் பட்டறை

கண்ணு,

முதலில் ஒரு சத்தியம். கைக் கிரீஸ் போகக் கழுவி, மருதமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொல்கிறேன்: நான் இப்போது எழுதப்போகும் கதையை நம்பக்கூடிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. போன மாதம் நிலாவில் ஆள் இறங்கிவிட்டான் என்று ரேடியோவில் சொன்னபோது நம் ஊர் உடனே நம்பிவிட்டது. டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து, அங்கே கிணறு வெட்டினால் எத்தனை அடியில் தண்ணீர் வரும், மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அதே ஊர், நான் பட்டறை முதலாளியான கதையை இத்தனை வருஷமாக நம்ப மறுக்கிறது. ஆகவே நீயும் நம்ப வேண்டாம். படித்தால் போதும்.

உன் கடிதம் வந்தது. ஐ.டி.ஐ. படிப்பு முடித்து, மெட்ராஸ் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்த உன்னை நிரந்தரமாகவே வைத்துக்கொள்கிறோம் என்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். மேனேஜர் நேரில் கேட்டபோது நீ "ஆகட்டுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அறைக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தாயாம். அப்புறம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி, அதனால் உன் எழுத்திலேயே திரும்ப எழுதுகிறேன்: "ஒரே வாத்தியாரிடம் படித்தோம், ஒரே இரும்பை ராவினோம். ஆனால் வகுப்பில் சிலருக்கு மட்டும்தான் சொந்தமாகத் தொழில் தொடங்கும் எண்ணம் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது அப்பா? எனக்கு வந்திருப்பது அதுதானா, இல்லை வெறும் அரிப்பா?" பொங்கலுக்கு வந்திருந்தபோது, மெயின் ரோட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் ராசாத்தியம்மாளின் ஆட்டுக்கல்லுக்கு நீ மோட்டார் பூட்டிக் கொடுத்தாயே, அப்போது நீ சோறு தின்னக்கூட மறந்து திரிந்தாய். அன்றைக்கே உங்கம்மா என்னிடம், "இவனுக்கும் உங்க வியாதி வந்துபோச்சுங்க" என்றாள். ஆகவே அரிப்பா, ஆசையா என்று வைத்தியம் பார்க்கும் தகுதி எனக்கு உண்டு.

அதற்கு முன்னால் அந்த "ஆகட்டுங்க"வைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்தின் மற்ற பாஷைகளில் ஆம், இல்லை என்று இரண்டு பதில்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் இருப்பது ஒன்றுதான். பெண் கேட்டு வந்தாலும் ஆகட்டுங்க, கடப்பாரை இரவல் கேட்டாலும் ஆகட்டுங்க. "உங்க தோட்டத்துக் கெணத்தத் தூக்கிட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்று ஒருவன் வந்து நின்றாலும், "ஆகட்டுங்க, காப்பி குடிச்சுப்போட்டு எடுத்துட்டுப் போங்க" என்போம். இதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. எதிரே நிற்பவர் முகம் வாடிவிடக்கூடாது என்பதுதான் அர்த்தம். மெட்ராஸ்காரருக்கு இது எப்படித் தெரியும்? அந்த மேனேஜர் இந்நேரம் உனக்கு மேஜை, நாற்காலி, நீ ஓய்வு பெறும் நாளில் போட ஒரு ரோஜா மாலை எல்லாம் ஏற்பாடு செய்திருப்பார். சிரிக்காதே. நான் முதலாளியானதும் இந்த ஒரு சொல்லால்தான்.

நாடு குடியரசான புதிது. நானும் உன்னைப்போல் தொழிற்பள்ளியில் படித்துவிட்டு ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தேன். நான் லீவு போட்ட நாளில் கோயமுத்தூர் ஜில்லா முழுக்க நூல் தட்டுப்பாடு வந்து, பெரிய மனிதர்களெல்லாம் வாழையிலையைச் சுற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள் என்றால் பார்த்துக்கொள். ஆனால் அந்த மில்லில் என் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றுபோன மிஷினை ஓட வைத்தால் மேஸ்திரி வந்து எட்டிப் பார்ப்பார். "ஓடுதா?" "ஓடுதுங்க." அவ்வளவுதான், போய்விடுவார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. சம்பளம் வந்தது, மத்தியானச் சங்கு ஊதினால் சோறு வந்தது. சொந்தத் தொழில் என்ற நினைப்பு என் கனவில்கூட எட்டிப் பார்த்ததில்லை.

அது வந்தது என் தாய்மாமன் வாயிலிருந்து. தாராபுரம் பக்கம் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண், உங்கம்மா. பலகாரம் சாப்பிட்டு முடித்ததும், அவளைப் பெற்ற உன் அப்புச்சி மெதுவாகக் கேட்டார்:

"தோட்டம் எத்தன ஏக்கராங்க?"

எங்கள் பூமியைப் பங்காளிகள் பிரித்தபின் எனக்கு மிஞ்சியது எவ்வளவு என்றால், எங்கள் எருமை அதில் படுத்தால் வால் பக்கத்துக்காரன் காட்டில் கிடக்கும். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் என் மாமன் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் மேட்டுப்பாளையம் ரயில் தனக்குத்தான் விசில் ஊதுகிறார்கள் என்று கிளம்பிவிடும்.

"தோட்டமெல்லாம் அந்தக் காலமுங்க. என்ற மாப்ள சொந்தமாப் பட்டறை வெச்சிருக்கானுங்க. லேத்து ஓடுதுங்க. கைக்கு ஆளுக இருக்கறாங்க."

அப்புச்சி என் பக்கம் திரும்பினார். "அப்படீங்களா?"

கேட்ட கேள்விக்குப் பொருத்தமே இல்லாத பதிலை என் வாய் சொன்னது: "ஆகட்டுங்க."

"அப்பச் செரிங்க. வார வெள்ளிக்கெழம நாங்க ஊடு பாக்க வாரோம். அப்படியே பட்டறையவும் பாத்துப்போடறோம்."

"ஆகட்டுங்க" என்றேன் மறுபடியும்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பது சும்மா ஒரு மரியாதைக்கு. பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பதுதான் நிஜமான பரீட்சை. கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள், விட்டத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். இல்லாத பட்டறையை எதைத் தட்டிப் பார்ப்பார்கள்? திரும்பி வரும் பஸ்ஸில் மாமனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மாமா இப்படிப் பொய் சொல்லிப்போட்டீங்க?" அவர் வெற்றிலையை மடித்தபடி, "பொய்யா? பட்டறை இருக்குது மாப்ள. இன்னும் வந்து சேரலே, அவ்வளவுதான்" என்றார். இந்தியாவின் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதியவர்கள் இவரிடம்தான் பாடம் கேட்டிருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

பெரியநாயக்கன்பாளையம் ரோட்டோரத்தில் எங்கள் மாட்டுச் சாளை இருந்தது. சாணியை வழித்து, சுண்ணாம்பு அடித்தோம். பழைய இரும்புக் கடையிலிருந்து, யுத்த காலத்தில் கைவிடப்பட்ட ஒரு லேத்தை ஒரே ஒரு நாளைக்கென்று இரவல் வாங்கினோம். அதனோடு அலங்காரத்துக்காகக் கொஞ்சம் வெண்கலத் துண்டுகள், பல்சக்கரங்கள். அந்த லேத்துக்கு மோட்டார் கிடையாது; சாளைக்குக் கரண்டே கிடையாது. என்னோடு படித்த இரண்டு பேர், மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு வேலையாட்களாக வந்து நின்றார்கள். ஒருவன் துரைசாமி, இன்னொருவன் பழனி. மாமன் மட்டும் திருப்திப்படவில்லை. "பேரு வேணும் மாப்ள, பேரு" என்று, ரோட்டில் போகிற பஸ்காரனுக்கும் தெரியும்படி ஒரு போர்டு எழுதி மாட்டினார்: அகில உலக எஞ்சினியரிங் ஒர்க்ஸ். நீ எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெயர்ப்பலகை. அந்த போர்டின் நீளம் சாளையைவிட அதிகம். அதன் நிழலில் பக்கத்து ஊரில் மூன்று கல்யாணம் பந்தல் போடாமலே நடந்தது.

எல்லாம் தயார், எருமையைத் தவிர. அதன் இடத்தில்தான் லேத்து நின்றது. எங்கே ஓட்டி விட்டாலும் திரும்பி வந்து லேத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. வெள்ளிக்கிழமை உன் அப்புச்சி நாலைந்து சொந்தக்காரர்களோடு உள்ளே நுழைந்தபோதும் அது அங்கேதான் அசை போட்டுக்கொண்டிருந்தது.

"இது ஏனுங்க இங்க?" என்றார் அப்புச்சி.

மாமன் கண் சிமிட்டவில்லை. "காவலுக்குங்க. லேத்து வெல ஒசத்தியில்லீங்களா, நாயெல்லாம் நம்ப முடியாதுங்க."

அப்புச்சி தலையாட்டினார். லேத்தைச் சுற்றி வந்தார், கூரையைப் பார்த்தார், கரண்டுக் கம்பி இல்லாத சுவரைப் பார்த்தார். எனக்கு உள்ளங்கால் வரை வேர்த்து, அந்த வேர்வையில் கீழ்க்காட்டுச் சோளம் ஒரு போகம் விளைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிவிட்டால் காப்பியைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று இருந்தபோதுதான் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வைக்கோலுக்கு நடுவே ஒரு பம்பு. வண்டிக்காரர் இறங்கி, போர்டை இன்னொரு தடவை அண்ணாந்து படித்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்க, இங்க பம்பு ரிப்பேரு பண்ணுவீங்களாங்க? வாழை கொல தள்ளற நேரமுங்க. பம்பு தண்ணி எடுக்க மாட்டீங்குது. டவுனுக்குக் கொண்டுபோனா எப்பக் குடுப்பாங்களோ தெரியலீங்க. அதுக்குள்ள காடு காஞ்சுபோயிருங்க."

துரைசாமி என்னைப் பார்த்தான், பழனி கூரையைப் பார்த்தான். அப்புச்சி என் வாயையே பார்த்தார். முடியாது என்றால் கல்யாணம் போச்சு. முடியும் என்றால் அந்த மனிதரின் வாழைக்காடு என் தலையில். அப்போது என் வாய்க்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும் என்பது உனக்கு நினைவிருக்கட்டும்.

"ஆகட்டுங்க" என்றேன்.

பம்பைப் பிரித்தால், உள்ளே தண்டைத் தாங்குகிற வெண்கல வளையம், நாம் புஷ் என்கிறோமே அது, தேய்ந்து முட்டைவடிவமாகியிருந்தது. புதிதாகக் கடைய வேண்டும். வெண்கலம் இருக்கிறது, அலங்காரத்துக்கு வந்தது. லேத்து இருக்கிறது, இரவலுக்கு வந்தது. சுற்றுவதற்கு மோட்டார்தான் இல்லை. பக்கத்துக் கரும்பாலைக்காரரிடமிருந்து ஒரு பெரிய சக்கரத்தை உருட்டி வந்து, பெல்ட்டை மாட்டி, துரைசாமியையும் பழனியையும் பிடித்து "சுத்துங்கடா" என்றேன். வேலையாட்களாக வேஷம் போட வந்தவர்கள் நிஜமாகவே வேலையாட்களானார்கள். "டேய், உன்ற கல்யாணத்துக்கு நாங்க மொய் வெக்க மாட்டோம், இதுதான் மொய்" என்று மூச்சு வாங்கினான் பழனி. அவர்கள் சுற்றிய வேகத்தில் பூமியும் கூடவே சுற்றி, வெள்ளிக்கிழமைக்கு நடுவிலேயே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. உன் அப்புச்சி வீடு பார்க்க வந்தவர், வீட்டைப் பார்க்கவே இல்லை. ஒரு கல்லை இழுத்துப் போட்டு என் கைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் புஷ் உட்கார்ந்துவிட்டது. பம்பை வண்டியில் ஏற்றினோம். "நானும் வாரனுங்க" என்று அப்புச்சியும் ஏறிக்கொண்டார். அந்தக் கிணற்றின் ஆழம் என்னவென்றால், திங்கட்கிழமை போட்ட கல் வியாழக்கிழமைதான் "டொம்" என்னும். இந்த இடத்தில் உங்கம்மா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, போன தடவ சொன்னப்பப் புதன்கெழமையில்லீங்களா?" என்கிறாள். கிணறு அதற்கப்புறம் இன்னும் இறங்கிவிட்டது என்று பதில் சொல்லியிருக்கிறேன். கிணற்றுக்குள் பாதியில் இருந்த மேடையில் இறங்கிப் பம்பைப் பூட்டினேன். மேலே ஏறி வந்து சுவிட்சைத் தட்டினேன். கொஞ்ச நேரம் காற்றுதான் வந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் சாமியாராகி, காசிக்குப் போய், தாடி வளர்த்துத் திரும்பி வந்தேன். அப்புறம் குழாய் ஒருமுறை இருமி, தண்ணீரைக் கக்கியது. வாய்க்காலில் ஓடி வந்து என் காலை நனைத்தது.

அந்த விவசாயி தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உங்க பேரென்னங்க?" என்றார். சொன்னேன். "இனிமேட்டு எதுனாலும் உங்களைத் தேடியே வாரனுங்க. அந்த போர்டு போட்ட எடத்துலயே இருப்பீங்களில்லீங்களா?"

கண்ணு, மில்லில் அத்தனை வருஷம் "ஓடுதா?" என்று மட்டும்தான் கேட்டார்கள். யார் ஓட வைத்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு இருந்த வியாதியின் பெயர் என்னவென்று அந்த வாய்க்கால் மேட்டில்தான் தெரிந்தது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது என் வாழ்க்கையில் முதல்முறையாக "ஆகட்டுங்க" என்று வரவில்லை. "இருப்பனுங்க" என்றேன்.

வண்டியில் திரும்பும்போது உன் அப்புச்சி வாயைத் திறந்தார். "பட்டறை பொய்யின்னு உள்ள வந்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க. எத்தன சுண்ணாம்பு அடிச்சாலும் சாணி வாசம் போகுமுங்களா? கை பொய்யில்லீங்க. பொண்ணக் குடுக்கறனுங்க. அந்த போர்ட மட்டும் எறக்கிப்போடாதீங்க." மாமன் பின்னாலிருந்து, "நாந்தான் அப்பவே சொன்னனில்லீங்க" என்றார். லேத்து பழைய இரும்புக் கடைக்குத் திரும்பிப் போகவே இல்லை. எருமைதான் கடைசியில் இடம் மாறியது, அதுவும் பக்கத்துச் சாளைக்கு, மிகுந்த மனவருத்தத்தோடு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். துணிச்சல்தான் காரணம் என்பார்கள். என் துணிச்சலின் அளவை நீ பார்த்துவிட்டாய். கையில் முதல் இருந்தால் எண்ணம் வரும் என்பார்கள். அன்று சக்கரம் சுற்றினானே துரைசாமி, அவனுக்கு மாமனார் புத்தம் புது லேத்தே வாங்கிக் கொடுத்தார். அவன் அதற்குத் துணி போர்த்தி, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம் பூசினான். இப்போது அது லேத்தா லிங்கமா என்று கண்டுபிடிக்க முடியாது. போன வருஷம் ஒரு வடக்கத்திச் சாமியார் அதைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார். படிப்பு என்பார்கள். பழனி எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரன். வெறும் கையால் வட்டம் போட்டால் காம்பஸ் வெட்கப்படும். அவன் மில்லிலேயே இருந்தான், இன்று பெரிய மேஸ்திரி, சந்தோஷமாக இருக்கிறான், அவன் இல்லாவிட்டால் அந்த மில் இல்லை. அவன் எந்த விதத்திலும் என்னைவிடக் குறைந்தவன் இல்லை என்பதை இங்கே அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் சொந்தத் தொழில்காரன் மற்றவனைக் கண்டு மூக்கைச் சுளிப்பதுபோல் அசிங்கம் வேறில்லை. படிப்பும் முதலும் வேண்டும். வீட்டில் ஒருவர் "செய்" என்று சொல்வதும் வேண்டும். ஆனால் அவை விறகு. நெருப்பு என்பது, முன்பின் தெரியாத ஒரு ஆள் தன் கஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு உன்னைத் தேடி வந்து நிற்பது. அந்த நெருப்பு வந்தவனால் சும்மா இருக்க முடியாது. வராதவனை உபதேசம் செய்து கிளப்பவும் முடியாது.

எச்சரிக்கையும் ஒன்று. என்னை முதலாளியாக்கிய அதே சொல் என்னைக் கவிழ்க்கவும் பார்த்தது. போர்டில் அகில உலகம் என்று இருந்ததால் அகில உலகமும் வந்தது. கோயில் மணி, டெண்ட் கொட்டகை மின்விசிறி, டாக்டரின் எடை மிஷின், எதைக் கொண்டுவந்தாலும் ஆகட்டுங்க. கொடுமுடியிலிருந்து ஒருவர் கரும்பாலைச் சக்கரத்துக்காக வந்து வந்து திரும்பினார். வெட்டிய கரும்பு காத்திருக்காது என்று எனக்குத் தெரியும்; ஆனாலும் முடியாது என்று முதல் நாளே சொல்ல நாக்கு எழவில்லை. கடைசித் தடவை அவர் திட்டவில்லை. "பரவால்லீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார், அப்புறம் வரவே இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். முடியாததை முடியாது என்று சொல்வதுதான் மரியாதை என்று நம் பக்கத்து ஆளுக்குப் புரிய ரொம்ப நாள் ஆகும். உனக்கு அத்தனை நாள் வேண்டாம். மேனேஜரிடம் நேராகப் போய், இருக்கிறேன் என்றோ போகிறேன் என்றோ ஒன்றைச் சொல். அவரை இழுத்தடிக்காதே, அவரும் உன்னை நம்பி ஒரு மிஷினை வைத்திருக்கிறார்.

என் பட்டறைக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. அங்கே ஏற்கெனவே நான் ஒருவன் எல்லாருக்கும் இடைஞ்சலாக இருக்கிறேன். பக்கத்துச் சாளையில் ஒரு மூலை இருக்கிறது, இப்போது கரண்டும் இருக்கிறது. அந்த எருமையின் பேத்தி அங்கே குடியிருக்கிறாள். குடும்பக் குணம், சுலபத்தில் இடம் விடமாட்டாள். அவளிடம் நீயேதான் பேச வேண்டும். நீ எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் நன்றாக இருப்பாய் என்பதில் எனக்கு ஊசிமுனைச் சந்தேகமும் இல்லை.

இதில் எதையும் நம்ப வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். போர்டின் நீளம், கிணற்றின் ஆழம், மாமனின் தொண்டை, எல்லாம் என் கைச்சரக்கு என்று உங்கம்மா சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறாள். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், அதை அவளும் ஒத்துக்கொள்கிறாள். இன்று காலை ராசாத்தியம்மாள் தூக்குவாளியோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். வேலையை விட்டுவிட்டு எழுந்தேன். "உங்ககிட்ட இல்லீங்கண்ணா, தம்பிகிட்ட" என்றாள். "எங்கக்கா அவினாசியில கடை போடறாளுங்க. அவ கல்லுக்கும் மோட்டாரு பூட்டணுமாமுங்க. நீங்க பூட்டித் தருவீங்கன்னு சொன்னாலும், அந்தத் தம்பிதான் வேணுங்கறா. அது எப்ப வருமுங்க? எங்க வந்து தேடறதுங்க?"

தெரியலீங்க என்றுதான் சொன்னேன். உன் மோட்டார் அரைத்த மாவு என்று தூக்குவாளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சமையற்கட்டில் இருக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் அது பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது.

அப்பா